ஏ32 வீதியில் ஒன்பது பழைய கார்களும் அப்பாவின் ரோட்டரும்

பரந்தனில் எனக்கு ஒரு சின்னக் கராஜ் இருக்கிறது. வருவது பெரும்பாலும் உழவு இயந்திரம், லான்ட்மாஸ்டர், மோட்டார் சைக்கிள். பழைய கார் வந்தால் அன்றைக்கு மற்ற வேலையெல்லாம் பின்னுக்குப் போய்விடும், அது என் பலவீனம் இல்லை, என் விருப்பம். வீட்டு முற்றத்தில் ஒரு மொறிஸ் மைனர் 1000 நிற்கிறது, 2012இல் சாவகச்சேரியில் ஒரு கோழிக்கூட்டுக்குள் இருந்து எடுத்து இரண்டு வருடம் வேலை செய்து ஓடவைத்தது. அதைப்பற்றி யாரோ சொல்லித்தான் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கிளப் ஒன்று மாசி மாதத்தில் மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ32 என்கிற கடலோர வீதியால் ஓட வருகிறது, வழி தெரிந்த, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் நல்லது, வருவீர்களா என்று கேட்டார்கள். பொறுங்கோ, யோசிச்சுச் சொல்லுறன் என்று சொல்லவில்லை. உடனே ஓம் என்றேன்.

முதல்நாள் பின்னேரம் மைனரோடு மன்னாருக்குப் போனேன். தங்குமிட முற்றத்தில் ஒன்பது கார்கள் வரிசையாக நின்றன. மூன்று எம்ஜிபி, இரண்டு எம்ஜி மிட்ஜெட், இரண்டு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஒரு தவளைக்கண் ஸ்பிரைட், ஒரு எம்ஜிஏ. எல்லாம் கூரை மடக்குகிற இரண்டு இருக்கைக் கார்கள். படத்தில் பார்த்ததைவிட நேரில் மிகவும் சின்னன். பக்கத்தில் நின்ற என் மைனரே உயரமாகத் தெரிந்தது.

தவளைக்கண் என்பது வெளிநாட்டுக்காரர் வைத்த பட்டப்பெயர்தான், ஆனால் மன்னாரில் அதைச் சுற்றி நின்ற பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே "தவளை, தவளை" என்றுதான் கத்தினார்கள். இரண்டு முன்விளக்கும் பொனற்றுக்கு மேலே முழித்துக்கொண்டு நிற்கும். அவற்றை மடித்து உள்ளே போகிற மாதிரி வைக்கத்தான் முதலில் யோசித்தார்களாம், செலவு கூடுகிறது என்று அப்படியே நிறுத்திவிட்டார்கள். 1958இல் வந்த கார். அதன் சொந்தக்காரர் பொனற்றைத் தூக்கிக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சந்தோசச் சிரிப்பு. உள்ளே இருந்தது என்னுடைய மைனரின் எஞ்சின். 948 சிசி, ஏ சீரிஸ். காபரேற்றர் மட்டும் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு. ஸ்டியரிங் ராக்கும் மைனருடையதுதான், முன் சஸ்பென்சன் ஒஸ்டின் ஏ35 உடையது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கொம்பனி விலை குறைந்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்ய நினைத்தபோது, ஏற்கெனவே சாமான் அறையில் இருந்த சாதாரணக் கார்களின் உறுப்புகளை எடுத்துப் பொருத்தியது. டொக்டர்மாரும் தபால்காரரும் ஓடிய காரின் சாமான், ஊர்ச்சந்தியில் வாடகைக்கு நின்ற காரின் சாமான்.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், அந்த வரிசையைப் பார்க்க வந்த எங்கள் ஆட்களில் பலர் இது பணக்காரரின் விளையாட்டு, எங்களுக்கும் இதற்கும் என்ன என்று தள்ளி நின்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிலும் கடைசியில் நின்ற அந்த எம்ஜிஏ.

அப்பாவிடம் ஒரு ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ55 இருந்தது. இரண்டாவது மார்க், பின்பக்கம் மீன்செட்டை மாதிரி இரண்டு பக்கமும் கூர்த்திருக்கும், இத்தாலியப் பினின்ஃபரினா வரைந்த உடம்பு. இலக்கத்தகடு 1 ஸ்ரீயில் தொடங்கும். எழுபதுகளில் இருந்து பரந்தன் சந்தியில் வாடகைக்கு ஓடினார். அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபிறகு புதுக் கார் எடுப்பது எங்கள் மாதிரி ஆட்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாத காரியம், அதனால் ஐம்பதுகளில் வந்த ஒஸ்டினையும் மொறிஸையும் தான் எல்லாரும் திருத்தித் திருத்தி ஓடினார்கள். அந்தக் கேம்பிரிட்ஜில் இருந்த எஞ்சின் 1489 சிசி பி சீரிஸ். எம்ஜிஏ 1500 இல் இருப்பதும் அதே 1489 சிசி பி சீரிஸ். அங்கே ஒரு எஸ்யூ காபரேற்றர், இங்கே இரண்டு. அங்கே ஐம்பது சொச்சம் குதிரைவலு, இங்கே எழுபதைத் தொடும். எம்ஜிஏ 1955இல் வெளிவந்து 1962 வரை ஒரு இலட்சத்துக்கு மேல் செய்தார்கள், பெரும்பகுதி கடல்கடந்து அமெரிக்காவுக்குத்தான் போனது. இதெல்லாம் புத்தகத்தில் படித்து எனக்கு முன்னமே தெரியும். சத்தத்தைத்தான் கேட்டதில்லை.

காலை ஆறு மணிக்கு எல்லாரும் ஸ்ராட் பண்ணினார்கள். எம்ஜிஏ எழும்பி, சோக்கைத் தள்ளியதும் அமைதியாக ஓடத் தொடங்கிய அந்த ஒரு நிமிடம் நான் மைனரின் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். விடியப்புறம் ஆஸ்பத்திரிக்கு யாரையோ ஏற்றிப் போக அப்பா காரை எடுக்கிற சத்தம் அது. பாயில் படுத்தபடி நான் கேட்ட சத்தம்.

எம்ஜிஏயை ஓடியவர் ஒரு அன்ரி. அறுபது தாண்டியிருக்கும். கணவரும் அவருமாக மலைநாட்டில் ஒரு எஸ்டேட் கொட்டிலில் இருந்து சேசியையும் எஞ்சினையும் கண்டெடுத்து ஒன்பது வருடம் வேலை செய்தார்களாம். கணவர் இப்போது இல்லை. "அவர் போனாப் பிறகு இதை விக்கச் சொல்லி எல்லாரும் சொன்னவை தம்பி. நான் ஓடப் பழகிட்டன்" என்றார், அவ்வளவுதான், வேறு ஒன்றும் அதைப்பற்றிப் பேசவில்லை.

மன்னார்த் தாம்போதியில் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் கார்கள். அந்தப் பகுதி வங்காலைப் பறவைகள் சரணாலயம், 2010இல் உலக முக்கிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மாசியில் போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். அன்றைக்குத் தூரத்தில் ஒரு வெளிறிய இளஞ்சிவப்புக் கோடு மாதிரித்தான் தெரிந்தன. வெயில் ஏறினபிறகு அந்தக் கோடு துண்டு துண்டாகி நடக்கத் தொடங்கியது. கூரையில்லாத காரில் இருந்து பார்ப்பவருக்கும் மூடிய வான் வண்டியில் இருந்து பார்ப்பவருக்கும் இந்த இடம் ஒன்றல்ல, உப்பும் சேறும் கலந்த மணம் முகத்தில் அடிக்கவேண்டும்.

தள்ளாடி என்ற இடம் கழிந்து திருக்கேதீச்சரப் பக்கம் திரும்பினால் ஏ32. ஒன்றை உள்ளபடி சொல்ல வேண்டும்: கடலோர வீதி என்று சொன்னாலும் இந்த வீதி கடலை உரசிக்கொண்டு ஓடாது. வயல், பற்றைக்காடு, பனை, குளக்கட்டு, பிறகு திடீரென்று இடதுபக்கம் ஒரு வெளி, அதன் கடைசியில் ஒரு வெள்ளிக் கம்பி மாதிரிக் கடல். விடத்தல்தீவுப் பக்கம் கண்டல் காடும் களப்பும். கடலைத் தொடவேண்டும் என்றால் ஒவ்வொரு கிளைவீதியாலும் மேற்கே இறங்கவேண்டும். தெற்குக் கரையோர வீதியை நினைத்துக்கொண்டு வந்த இரண்டொருவருக்கு முதலில் ஏமாற்றம்தான். கடலைத் தேடிப்போய்ப் பார்க்கிற வீதி இது, அதற்கு நேரம் கொடுக்கவேண்டும் என்று நான் சொன்னேன். இலுப்பைக்கடவை வருவதற்குள் அவர்களே வண்டியை மெதுவாக்கிவிட்டார்கள்.

மெதுவாக்க இன்னொரு காரணமும் இருந்தது. காலபோக அறுவடை முடிகிற காலம். காப்பெற் றோட்டின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, கல்லை வரிசையாக அடுக்கி எல்லை போட்டிருப்பார்கள். வன்னியில் ஓடுகிற எல்லாருக்கும் அது தெரியும், அந்தப் பாதி நெல்லுக்கு, மற்றப் பாதி எங்களுக்கு. ஆனால் இந்தக் கார்களின் அடிவயிறு நிலத்தில் இருந்து ஒரு சாண்கூட இராது, வேகமாகப் போனால் காற்றே நெல்லைக் கிளப்பிவிடும். முன்னால் போன நான் கையைக் காட்ட, ஒன்பது காரும் நடைவேகத்துக்கு வந்து ஒவ்வொன்றாகக் கடந்தன. கால்களால் நெல்லைத் துளாவிக்கொண்டிருந்த ஒரு அம்மா துளாவுவதை நிறுத்திவிட்டு எம்ஜிஏயைப் பார்த்து, "பிள்ளை, இதுக்கு மேல்மூடி இல்லையோ? வெயிலுக்குள்ள காஞ்சு போவாய்" என்றார். அன்ரி காரை நிறுத்தி இறங்கிப் போய் அவரோடு கதைத்துவிட்டு வந்தார். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, வரும்போது மடியில் இரண்டு வெள்ளரிப்பழம் இருந்தது.

வெள்ளாங்குளத்தில் தேத்தண்ணி. கடை முற்றத்தில் ஐம்பது பேராவது கூடிவிட்டார்கள். கிளப்பில் சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் இருந்தார்கள், பலருக்கு இந்தப் பக்கம் முதல் தடவை. ஸ்பிட்ஃபயர்காரர் ஒருவர், இளம் ஆள், தேத்தண்ணிக் கோப்பையோடு என்னிடம் வந்து, இவ்வளவு தூரம் வந்தோம், பழைய வீடு ஒன்றையும் காணவில்லையே என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. 2008இல் சண்டை இந்த வீதியாலேதான் மன்னாரில் இருந்து பூநகரி வரைக்கும் மேலே ஏறியது, சனம் எல்லாம் கிழக்கே கிழக்கே போனது, திரும்பி வந்தபோது சுவரும் இல்லை கூரையும் இல்லை என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, உங்கள் காரும் போனதா என்றார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. கார்க்காரன் இன்னொரு கார்க்காரனிடம் கேட்கிற கேள்வி.

போனது. அதைச் சொல்வதற்கு முன் மண்ணெண்ணெய்க் கதையைச் சொல்லவேண்டும். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல் எங்கள் பக்கம் வராது, கடத்தி வந்தாலும் கைக்கு எட்டாத விலை. அப்பாவும் அவர் போன்றவர்களும் அந்தப் பழைய எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்து, சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகக் காபரேற்றருக்குள் விட்டுத்தான் ஸ்ராட் பண்ணவேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. சூடு குறையாமல் இருக்க ரேடியேற்றருக்கு முன்னால் மட்டை செருகுவார். நெருப்பு விழுகிற டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி வைப்பார், இல்லாவிட்டால் மேட்டில் ஏறும்போது டக்கு டக்கு என்று இடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீராக்கிவிடும், ஆகவே ஒயிலை அடிக்கடி விரலில் தேய்த்துப் பார்ப்பார். பின்னால் வெள்ளைப் புகை, ஊரெல்லாம் மண்ணெண்ணெய் மணம். அந்தக் காரில்தான் பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்கள், காயக்காரர், பாம்பு கடித்தவர் எல்லாரும் போனார்கள். இன்றைக்குக் காரைத் துடைத்து மினுக்கிக் கொண்டாடுகிறோம், நல்லது, அதை நான் முழுமனதோடு செய்கிறேன். ஆனால் இந்த எஞ்சினை உலகத்தில் யாரும் எங்கள் அப்பன்மாரைப் போல் விளங்கிக்கொண்டதில்லை என்பது என் எண்ணம். அதை எழுதி வைக்க ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முழங்காவில் கடந்து இரணைமாதா நகரில் கடலுக்கு இறங்கினோம். 1992இல் இரணைதீவில் இருந்து இடம்பெயர்ந்த சனம் குடியிருக்கிற ஊர். தங்கள் தீவைத் திருப்பிக் கேட்டு 2017இல் போராட்டம் தொடங்கி, 2018 ஏப்ரலில் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே போய் இறங்கினார்கள். கரையில் நின்றால் எதிரே கடல் தட்டையாகக் கிடந்தது, படகுகள், காய்கிற வலை, கருவாட்டு மணம். ஒரு மணித்தியாலம் நின்றோம். இந்த ஓட்டத்தில் மிக நல்ல ஒரு மணித்தியாலம் அதுதான், எம்ஜிபிக்காரர்கள் இருவர் காலுறையைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் நின்றதை ஊர்ப் பொடியன்கள் படம் எடுத்தார்கள்.

புறப்படும்போது எம்ஜிஏ எழும்பவில்லை.

ஸ்ராட்டர் சுற்றுகிறது, நெருப்பும் இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. எல்லாரும் பொனற்றுக்குள் தலையை விட்டார்கள். நான் அன்ரியிடம், "திறப்பை மட்டும் போடுங்கோ, ஸ்ராட் பண்ண வேண்டாம்" என்றேன். காதைக் கொடுத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. பெற்றோலை ஏற்றுகிற எஸ்யூ மின் பம்ப் என்றால் திறப்பைப் போட்டதும் டிக் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றரின் கிண்ணம் நிரம்பியதும் ஓயவேண்டும். டிக் இல்லை என்றால் உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கிற பொயின்ற் ஒட்டிவிட்டது. மொறிஸ் மைனரிலும் இதே பம்ப்தான், அதில் பொனற்றுக்குள்ளேயே கைக்கெட்ட இருக்கும். எம்ஜிஏயில் பின்சில்லுக்கு அருகே சேசியோடு அடியில் இருக்கிறது. சாக்கை விரித்து மணலில் படுத்து உள்ளே போய் ஸ்பானரின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினேன். டிக் டிக் டிக். மேலே இருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. பொயின்ற்றைப் பிறகு கழற்றித் துடைக்கவேண்டும் என்று சொன்னேன். "எங்க வைச்சுச் செய்யலாம்?" என்று அன்ரி கேட்டார். பரந்தனில் என் கராஜ் இருக்கிறது, அங்கே அப்பா இருக்கிறார், கேம்பிரிட்ஜ் ஓடினவர் என்று சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "அப்ப அங்கதான் போறம்."

பூநகரிக் கோட்டையில் மதியச் சாப்பாடு. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் கையில் போன சின்னக் கோட்டை, சிதைந்து கிடக்கிறது, நிழல் போதாது. சாப்பிட்டுவிட்டுச் சங்குப்பிட்டிப் பாலத்துக்குப் போனோம். 288 மீற்றர், 2011 தை மாதம் திறந்தது. அதற்கு முன் அந்தக் காலத்தில் சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையில் பாதை, அதாவது வாகனம் ஏற்றுகிற மிதவை, ஓடியது, அப்பா கேம்பிரிட்ஜை அந்தப் பாதையில் ஏற்றி அக்கரைக்குப் போவாராம், கார் ஏறும்போது பாதை ஒருபக்கம் சரிந்து எல்லாரும் அந்தோணியாரையும் பிள்ளையாரையும் ஒன்றாகக் கூப்பிடுவார்களாம். பாலத்தின் நடுவில் களப்புக் காற்று தொப்பிகளைத் தூக்கியது. எட்டுக் கார்கள் யாழ்ப்பாணப் பக்கம் போயின. எம்ஜிஏயும் மைனரும் திரும்பிப் பரந்தன் வீதியைப் பிடித்தன.

பாதி வழியில் அன்ரி காரை ஓரங்கட்டி, திறப்பைக் கையில் தந்து, தான் மைனரில் ஏறிக்கொண்டார். "அப்பாவிட்ட நீங்கள்தான் ஓடிக்கொண்டு போகவேணும்."

வெளியே கைபிடி இல்லாத கதவு அதற்கு, உள்ளே கையை விட்டுத் திறக்கவேண்டும். மூன்றாம் கியரில் அந்த எஞ்சின் இழுக்கிற இழுவையைப்பற்றி எழுத எனக்குச் சொல் போதாது. இருபக்கமும் வயல். நான் மெதுவாகத்தான் ஓடினேன்.

அப்பாவுக்கு எண்பது. காது மந்தம். ஆனால் படலைக்கு முன்னால் கார் நிற்பதற்குள் திண்ணையில் இருந்து எழும்பிவிட்டார். வந்து பொனற்றில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

2009இல் நாங்கள் பரந்தனில் இருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போய், கடைசியில் இரணைப்பாலைக்குக் கிட்ட ஒரு வேலியோரத்தில் காரை விட்டோம். அதற்கு மேல் பாதையும் இல்லை, எண்ணெயும் இல்லை. எல்லாரும் மூட்டையைத் தூக்கும்போது அப்பா பொனற்றைத் திறந்து, டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரோட்டரை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். மூடிக்குள் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் நெருப்பைப் பங்கிடுகிற, பெருவிரல் அளவுச் சாமான். அது இல்லாமல் அந்தக் காரை யாராலும் ஸ்ராட் பண்ண ஏலாது. திரும்பி வந்து எடுக்கலாம் என்று நினைத்திருக்கிறார். நந்திக்கடல் தாண்டி, செட்டிகுளம் முகாமுக்குள்ளும் அது அவருடைய பையில்தான் இருந்தது. 2010இல் நாங்கள் போய்த் தேடினபோது அந்த வேலியும் இல்லை. முள்ளிவாய்க்கால் பக்கம் மலை மாதிரிக் குவித்திருந்த துருப்பிடித்த வாகனங்களுக்குள் இரண்டு நாள் தேடினோம். ஏ55இன் கூர்த்த பின்பக்கம் ஒன்று தெரிந்தது, கிட்டப் போனால் வேறு யாருடையதோ.

அப்பா உள்ளே இருந்து பழைய ரின் ஒன்றோடு வந்தார். அன்ரியிடம், "பிள்ளை, மூடியைக் கழட்டட்டோ?" என்று கேட்டார். அன்ரி ஓம் என்றார். கிளிப் இரண்டையும் தட்டி மூடியை ஒதுக்கி, எம்ஜிஏயின் ரோட்டரை உருவி அன்ரியின் கையில் கொடுத்தார். தன்னுடையதைச் சட்டையில் துடைத்து, பொருத்தினார். இரண்டும் லூகாஸ், இரண்டும் ஒரே அளவு. டக்கென்று இருந்தது.

"ஸ்ராட் பண்ணு தம்பி."

முதல் சுற்றிலேயே பிடித்தது. அப்பா தலையைக் குனிந்து, நல்ல காதைக் கொடுத்து, ஐந்து நிமிடமாவது கேட்டிருப்பார். அன்ரி மதிலோடு சாய்ந்து நின்றார். அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தா. பிறகு அப்பா நிற்பாட்டச் சொன்னார். தன் ரோட்டரை உருவி ரின்னுக்குள் போட்டு மூடினார், அன்ரியுடையதைத் திரும்பப் பொருத்திக் கொடுத்தார்.

"எக்சோஸ்ற் டப்பெற் ரண்டு கூடச் சத்தம். இடைவெளி எவ்வளவு வைச்சிருக்கிறியள்?"

"புத்தகத்தில பதினேழு தௌ எண்டிருக்கு ஐயா." தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

"நாங்கள் பதினைஞ்சுதான் வைக்கிறது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஃபீலரை எடுத்துக்கொண்டு வா. சூடு ஆறமுதல் பாப்பம்."